மரப்பாலத்துக்கு மேலே இரண்டு மீன்

ஆல்டர் ஓடை முகத்துவாரம்
மே ஆறாம் தேதி தொடங்கி ஒன்பதாம் தேதி முடித்தது

அன்பு மகள் வெர்னாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் என் இடது முழங்காலும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். உன் அத்தை மெர்ட்டில் சுகம், அவளுடைய வாயும் சுகம். பாஸ்டனில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் காலையில் முதல் வாய் தண்ணீர் குடிக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். இது நான் எழுதும் முதல் கடிதம். எனக்கு எழுபத்தொன்பது வயது என்பதால் அவசரப்பட வேண்டாம் என்று நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். சொன்னால் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் உன்னால் பேச முடியாது. எழுதப் பழகியதில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான்.

நூலகத்தில் செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. மிஸ் கோரின் சொல்லிக்கொடுக்கிறாள், உன்னைவிடச் சின்னவள், பொறுமைசாலி. சிறுவயதில் விடுதிப் பள்ளியிலிருந்து நான் மூன்று முறை ஓடினேன், மூன்றாம் முறை அவர்கள் தேடவில்லை, என் படிப்பு அத்தோடு முடிந்தது. இப்போது கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். முப்பது வருடமாக நான் படகு கட்டும் பலகையில் இங்கே படகு கட்டக்கூடாது என்று எழுதியிருக்கிறது. நல்ல பலகை, உறுதியாக நிற்கிறது, தொடர்ந்து கட்டுகிறேன். கடையில் விற்கும் பண்ணை சால்மன் பொட்டலத்தில் நிறம் சேர்க்கப்பட்டது என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள், நீ அங்கே அதைத்தான் வாங்குகிறாய் என்றால் பொட்டலத்தைத் திருப்பிப் பார். நம் இனத்தார் அரசாங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்தையும் முழுதாகப் படித்தேன். நாம் வழக்கமாக மீன் பிடித்துவந்த எல்லா இடங்களிலும் தொடர்ந்து பிடிக்கலாம் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா அதைப் படிக்காமல் அடியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள், ஆனாலும் நூறு வருடத்துக்கு அதை ஞாபகம் வைத்திருந்தது படிக்காதவர் பக்கம்தான். பிறகு நீதிமன்றம் மீனில் பாதி நமக்கு என்று தீர்ப்புச் சொன்னது. எல்லோரும் சந்தோஷப்பட்டோம். எதில் பாதி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

இந்த வசந்தத்தில் ஆல்டர் ஓடைக்குள் ஏறிய ஸ்டீல்ஹெட் மீன் பதினொன்று. பண்ணையில் வளர்த்து முதுகின் சின்னத் துடுப்பை வெட்டி விடுகிறார்களே அந்த மீன் இல்லை, ஆற்றிலேயே பிறந்து கடலுக்குப் போய்த் திரும்பியவை. டெல்பர்ட் எண்ணினான். உனக்கு டெல்பர்ட்டை ஞாபகம் இருக்கும், ஏழாம் வகுப்பில் நீ மூக்கை உடைத்த பையன். இப்போது நம் மீன் துறையில் பெரிய வேலை. ஓடை வாயில் கம்பித் தடுப்பு வைத்து ஒவ்வொரு மீனையும் பிடித்து அளந்து விடுகிறான், பதினொன்றுக்கும் எண் கொடுத்துவிட்டான், பெயர் வைப்பதுதான் பாக்கி. பதினொன்றும் சின்ன அருவி இருந்த இடத்தில் நிற்கும் அணைச்சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றன. அந்தச் சுவர் எழுபத்தொன்றில் பாசனச் சங்கத்தார் கட்டியது. இப்போது அந்தத் தண்ணீரில் எந்த வயலும் நனையவில்லை, சங்கத்தாரின் கோடை வீடுகளுக்கு முன்னால் வாத்து நீந்துகிறது. வாத்துகள் நன்றாக இருக்கின்றன.

அந்தச் சுவரை இடிக்க வேண்டும் என்று நம் ஆட்கள் மனுப் போட்டார்கள். சங்கத்தார் சொன்ன பதில், சின்ன அருவிக்கு மேலே ஸ்டீல்ஹெட் எந்தக் காலத்திலும் போனதில்லை, ஆகவே சுவர் எந்த மீனையும் தடுக்கவில்லை என்பது. நம்மில் பார்த்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பெரியவர்கள் சொல்லக் கேட்டோம் என்றால் அது கேள்விப்பட்ட பேச்சு, கணக்கில் வராது என்று நம் வக்கீலம்மா சொன்னாள். சுவர் கட்டும் முன்பு எழுதிய காகிதம் ஒன்று வேண்டும். விசாரணைக்குப் பத்து நாள் இருக்கும்போது டெல்பர்ட் என் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு, புகையிலை டப்பாவில் இருக்கும் அந்தச் சீட்டைப் பற்றிக் கேட்டான். அறுபத்தேழில், மீன் பிடிப்பதைக் கண்காணிக்கும் மாநில வார்டன் என்னைப் பிடித்தபோது கொடுத்த குற்றச் சீட்டு. அதில் இடம் எழுதியிருப்பானே மாமா, பார்த்தீர்களா என்றான். அது முகத்துவாரம்தான், தண்ணீருக்கு மேல் பலகை போட்டு நாம் வலை வீசும் நம் மேடைதான், உனக்கு உதவாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இந்த இடத்தில் கடிதத்தை ஒரு நாள் நிறுத்திவைத்தேன். இனி எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி.

அந்தக் கதை உனக்கு மனப்பாடம். அறுபத்தேழு ஏப்ரலில் நம் மேடையில் நின்று ஒரே காலையில் நாற்பது ஸ்டீல்ஹெட் எடுத்தேன், வார்டன் வந்து நாற்பதையும் பறித்துக்கொண்டு என்னை ஒன்பது நாள் உள்ளே வைத்தான், நான் பயப்படவில்லை. வருடா வருடம் ஊரே கூடும் நெடுவீட்டில் முதல் மீன் விருந்தில் டப்பாவைத் தூக்கிக் காட்டி இதைச் சொல்லியிருக்கிறேன். நீ பள்ளிக் கட்டுரையாகவே எழுதினாய். டெல்பர்ட் அது பொய் என்றான், அவன் மூக்கு உடைந்தது. கதை நாற்பதுக்கு வரும்போதெல்லாம் உன் அம்மா எழுந்து காபி எடுக்கப் போவாள். அவளுக்குக் காபி அவ்வளவு பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

நடந்தது வேறு. அந்த வருடம் வார்டன்கள் முகத்துவாரத்தில் ஆளுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் மேடைக்குப் போக முடியாது. எனக்கு இருபத்திரண்டு வயது. உன் அம்மா ஹேஸலைப் பெண் கேட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போக வேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது. ஆகவே காட்டு வழியாக மேலே ஏறி மரப்பாலத்தைத் தாண்டிப் போனேன். அங்கே கூழாங்கல் படுகையில், கணுக்கால் தண்ணீரில், ஒரு பெண் மீன் வாலால் அடித்துப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஆண் மீன் நின்றது. எடுத்தேன். குனிந்து எடுப்பதுதான், வலையே தேவையில்லை. என் தாத்தா எங்களுக்கு வைத்த விதிகளில் இதுதான் முதலாவது. ஏறிவரும் மீனைப் பிடிக்கலாம், கூழாங்கல்லில் நிற்கும் மீனைத் தொடக்கூடாது. தொட்டவன் ஒரு வருடம் வலையைத் தொடக்கூடாது. பாலத்தில் வார்டன் நின்றிருந்தான். ஒன்பது நாள் கழித்து வெளியே வந்து ஹேஸல் வீட்டுக் கதவைத் தட்டும்போது கையில் மீன் இல்லை, ஏதாவது கொண்டுபோக வேண்டுமே என்று நாற்பதைக் கொண்டுபோனேன். மேடையையும் சேர்த்துக்கொண்டேன். அவள் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

டெல்பர்ட் போன பிறகு டப்பாவைத் திறந்தேன். எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. வார்டன் சோம்பேறியாக இருந்திருக்கலாம், இடத்தைத் தப்பாக எழுதியிருக்கலாம், அல்லது எழுதாமலே விட்டிருக்கலாம். அவன் கையெழுத்து மிக அழகு. படித்து முடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது, அதற்குக் காரணம் அவன் இல்லை. எல்லாவற்றையும் எழுதியிருந்தான். ஐம்பத்தேழு வருடமாக நான் என் பொய்க்குச் சாட்சி என்று ஊருக்கு முன்னால் தூக்கிக் காட்டியது உண்மையை. மேலும் ஆறு நாள் யாரிடமும் பேசவில்லை. டெல்பர்ட் இரண்டு முறை என் வாசல் வழியாக வண்டியில் போனான், கை காட்டினான், நானும் காட்டினேன். ஒன்பதாம் நாள் ஓடை ஓரமாக நடந்து சுவர் வரைக்கும் போனேன். ஒரு பெண் மீன் சுவருக்குக் கீழே சிமெண்டுத் தளத்தில் வாலால் அடித்துக்கொண்டிருந்தது. அங்கே தோண்டுவதற்கு ஒன்றும் இல்லை. வால் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து சட்டையை இஸ்திரி போட்டேன்.

விசாரணை மாவட்ட மண்டபத்தில். பேசுகிறவருக்கு மூன்று நிமிடம், மேசையில் ஒரு விளக்கு, பச்சை எரிந்தால் பேசலாம், சிவப்பு எரிந்தால் உட்கார வேண்டும். சங்கத்தார் ஒரு பக்கம், நம் ஆட்கள் ஒரு பக்கம், மெர்ட்டில் முன்வரிசையில் பின்னல் வேலையோடு. வக்கீலம்மா சீட்டைப் பார்த்ததும் தானே படித்துவிடுவதாகச் சொன்னாள், பாவம், என்னைக் காப்பாற்றப் பார்த்தாள். விசாரணைத் தலைவரும் அப்படியே செய்யலாம் என்றார். இது என் பெயரில் எழுதிய காகிதம், நானே படிக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பெயர் படித்தேன். வயது படித்தேன். இனம், செவ்விந்தியன். தொழில், இல்லை. விடிவதற்கு முன் எழுந்து மேடைக்குப் போன ஒவ்வொரு நாளையும் அந்த வார்டன் ஒரே சொல்லில் எழுதிவிட்டான், நல்ல எழுத்தாளன். அதற்குள் சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. தலைவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், விளக்கின் மேல் தன் தொப்பியை வைத்தார். பிறகு படித்தேன். ஸ்டீல்ஹெட், இரண்டு. பெண் ஒன்று, பன்னிரண்டு பவுண்டு, வயிறு நிறைய முட்டை. ஆண் ஒன்று, ஒன்பது பவுண்டு. இடம், ஆல்டர் ஓடை, மரப்பாலத்துக்கு மேலே நூறு அடி, கூழாங்கல் படுகை. கைப்பற்றியவை, மீன் இரண்டு, வலை ஒன்று, தொப்பி ஒன்று. அந்தத் தொப்பி இன்னும் திரும்பி வரவில்லை, அதையும் தலைவரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

கூழாங்கல் படுகை என்று படித்தபோது மெர்ட்டிலின் ஊசி நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை, சத்தம் நின்றதால் தெரிந்தது. மரப்பாலம் அணைக்கு மேலே அரை மைல் என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும், சங்கத்தாரின் பிள்ளைகள் அதிலிருந்துதான் கோடையில் குதிக்கிறார்கள். அவர்கள் வக்கீல் எழுந்து, மரியாதையாகத்தான் பேசினார், "பெரியவரே, அந்த வார்டன் இடத்தைத் தப்பா எழுதியிருக்கலாம் இல்லையா?" என்று கேட்டார். "ஐயா, நானும் படிச்சு முடிக்கிற வரைக்கும் அதைத்தான் நம்பிக்கிட்டு இருந்தேன்" என்றேன். அவர் உட்கார்ந்துவிட்டார். மாநிலத்தின் ஆள் கையெழுத்துப் போட்ட காகிதம் என்பதால் மாநிலமே நம் பக்கம் சாட்சி சொன்ன மாதிரி என்று வக்கீலம்மா பிறகு விளக்கினாள். அதற்கு என்னை ஒன்பது நாள் உள்ளே வைக்க வேண்டியிருந்தது என்றேன், அது போதவில்லை என்றால் இன்னொரு முறை வரத் தயார் என்றும் சொன்னேன்.

வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில் மெர்ட்டில் எனக்காகக் காத்திருந்தாள். உன் அத்தை கோபத்தில் கத்துகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும், கத்தினால் தேவலை. "அம்பத்தேழு வருசமா விருந்துல உனக்கு முதல் துண்டு வெட்டி வச்சது யாருடா தம்பி? நான். தலைப்பக்கத்துத் துண்டு வேற" என்றாள். சரி அக்கா என்றேன். "அம்மா மீனை அதோட கூட்டுலேருந்து தூக்கியிருக்க. தாத்தா இருந்திருந்தா ஒன் மூஞ்சியப் பாத்திருக்க மாட்டாரு." அதற்கும் சரி என்றேன். பின்னல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இன்னையிலேருந்து ஒரு வருசம் வலையத் தொட்ட, கைய ஒடிச்சு அடுப்புல வச்சிருவேன்" என்று சொல்லிவிட்டு, என் முழங்காலுக்காக வண்டிக் கதவைத் திறந்துவிட்டாள். போன வாரம் விருந்து நடந்தது. எல்லோருக்கும் தண்ணீர் ஊற்றினார்கள், எனக்கும் ஊற்றினார்கள். சால்மன் வந்தது, கடைசியாக எனக்கு வந்தது, வால் துண்டு. வால் துண்டில் முள் குறைவு என்பது இத்தனை வருடம் எனக்குத் தெரியாமல் போய்விட்டது. கதை சொல்லும் நேரம் வந்ததும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எழுந்து இரண்டு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சின்னக் கதையாக இருந்ததால் எல்லோருக்கும் புரிந்தது. டெல்பர்ட் பக்கத்தில் வந்து, "மாமா, அந்த வலைல ஒரே காலையில நாப்பது எடுத்தா தோள்பட்டை கழண்டுரும்னு நான் ஏழாங்கிளாஸ்லயே சொன்னேன். ஒங்க பொண்ணு என் மூக்கைக் கழட்டிட்டா" என்றான். வருத்தம் தெரிவித்தேன். உன் பங்குக்கு நீயும் ஒரு கடிதம் எழுது. அவனுக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை, இதை நான் செய்தியாக மட்டும் சொல்கிறேன்.

தீர்ப்பு ஏப்ரல் கடைசியில் தபாலில் வந்தது, நானே பிரித்து நானே படித்தேன். மேலே மீன் போனதில்லை என்ற வாதம் தள்ளுபடி. அடுத்த வசந்தத்துக்குள் சுவரை எடுத்துவிட வேண்டும். சங்கத்தார் மேல்முறையீடு செய்வார்கள் என்று வக்கீலம்மா சொல்கிறாள், செய்யட்டும், எங்கே கூப்பிட்டாலும் அந்தச் சீட்டைப் படிக்கிறேன், இப்போது ஆறு நிமிடத்தில் படித்துவிடுவேன். பதினொன்று எத்தனை ஆகும் என்று டெல்பர்ட்டைக் கேட்டேன். அவன் படித்தவன், தெரியாது என்றான்.

இனி நான் கேட்க வந்த விஷயம். நான் வலையைத் தொடக்கூடாது என்றால் இந்த வருடம் நம் மேடை காலியாக நிற்கும். காலியாக நிற்கும் மேடையை மீன் குழுவிடம் யார் வேண்டுமானாலும் கேட்கலாம், மூன்று குடும்பத்தார் ஏற்கெனவே என் முழங்காலை அன்பாக விசாரித்துவிட்டார்கள். என் கொள்ளுத்தாத்தா பெருக்கல் குறி போட்டது அந்த மேடைக்கும் சேர்த்துத்தான். செப்டம்பரில் சால்மன் ஏறும்போது உனக்கு மூன்று வாரம் விடுமுறை எடுக்க முடியுமா என்று உன் ஆஸ்பத்திரியில் கேள். பதினாறு வயதில் நீ என்னைவிட நன்றாக வலை போட்டாய், அதை அப்போது நான் சொல்லவில்லை, என்னிடம் நாற்பது இருந்தது. பலகைகளை டெல்பர்ட் மாற்றித் தருகிறான். நான் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன், வார்டன்கள் உட்கார்ந்த அதே இடத்தில், அங்கே நிழல் நன்றாக இருக்கும்.

ஒன்று விட்டுப்போயிற்று. விசாரணை முடிந்ததும் குமாஸ்தாப் பெண் சீட்டை நகல் எடுக்க வாங்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்து, "ஐயா, பின்பக்கமும் ஏதோ எழுதியிருக்கே, அதையும் பதிவுல சேக்கணுமா?" என்று கேட்டாள். முன்பக்கத்தைப் படிக்கவே எனக்கு இரண்டு நாள் ஆனதால் நான் திருப்பிப் பார்க்கவில்லை. பென்சில் எழுத்து, மங்கிப்போயிருந்தது. உன் அம்மாவின் கை. நாம் இந்த வீட்டுக்குக் குடிவந்த வருடத்தைத் தேதியாகப் போட்டிருக்கிறாள், அப்படியென்றால் அவள் காபி எடுக்கப் போனது முழுக்க அதற்குப் பிறகுதான். ஒரு வரி. நின்றுகொண்டே படித்துவிட்டேன், யாரும் உதவவில்லை. இரண்டே போதுமாக இருந்தது என்று எழுதியிருந்தாள்.

அது மாவட்டத்துக்கு எழுதியது இல்லை, சேர்க்க வேண்டாம் என்று குமாஸ்தாவிடம் சொன்னேன்.

ஆற்றுத் தண்ணீரும் அதில் ஏறுவதும் உன்னை எப்போதும் தாங்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, நிறம் சேர்த்ததைச் சாப்பிடாதே. மேடையில் ஏறும் முன் இடுப்பில் கயிறு கட்ட வேண்டும் என்பதை இப்போதிலிருந்தே ஞாபகம் வைத்துக்கொள், முடிச்சை நான் பார்த்த பிறகுதான் வலை. வருகிறாயா இல்லையா என்று எழுத்தில் பதில் போடு, படிக்க ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
தன் கையாலேயே தன் பெயரை எழுதும்
உன் அப்பா
எல்வுட்